முகாம்ல இருக்கறவுகளுக்கு ஏன் அடிக்கடி உடம்புக்கு முடியாம போகுது, நமக்கு ஒட்டுமா?

தம்பி, நீங்க கேட்டது மூணு கேள்வி. வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க வந்த அண்ணாச்சி இலங்கைத் தமிழர் முகாம்ல இருக்கறவரு, ரெண்டு நாள் வேலை பாத்துட்டு தலை சுத்துதுன்னு மூணாவது நாள் வரல, அவருக்கு இங்க கவர்மெண்ட் ஆஸ்பத்திரில பாப்பாவளா. அந்த முகாம்ல யாரைக் கேட்டாலும் ஏதாவது ஒரு நோக்காடு சொல்லுதாவளே அது ஏன். வீட்ல ஒன்றரை வயசுப் பிள்ளை இருக்கு, அதுக்கு எதுவும் ஒட்டிக்கிடுமா. மூணாவது கேள்விய ரொம்ப கூச்சப்பட்டு கேட்டிருக்கிய. கூச்சப்பட ஒண்ணுமில்ல, ஊர்ல பாதிப்பேர் மனசுல வச்சிருக்கறதுதான், வெளிய கேட்டாத்தான பதில் சொல்ல முடியும்.

நான் 1987ல வேலைக்கு சேந்து 2019ல ரிட்டையர் ஆனேன். கிராம சுகாதார செவிலியர்னு ஆர்டர்ல போட்டிருக்கும், ஊர்க்காரவுகளுக்கு நர்ஸம்மா, முகாம்காரவுகளுக்கு மிஸ். ஆமா, அவுக நர்ஸை மிஸ்னுதான் கூப்பிடுவாவ, முதல்ல எனக்கு ஏதோ டீச்சரை கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. என் சப் சென்டர் எல்லைக்குள்ள ஒரு முகாம் இருந்துச்சு, பேர் வேண்டாம். நம்ம பக்கம் கோபாலசமுத்திரம், சமூகரெங்கபுரம், தென்காசிப் பக்கம் போகநல்லூர், எட்டயபுரம் பக்கம் தாப்பாத்தின்னு பல இடத்துல முகாம் இருக்கறது உங்களுக்கே தெரியும். 1983 ஜூலைக் கலவரத்துல இருந்து படகு ஏறி வர ஆரம்பிச்சாவ, 1990ல ஒரு பெரிய கூட்டம், 96க்கு மேல ஒண்ணு, 2006க்கு மேல ஒண்ணு. எல்லாம் மண்டபம் வழியா வந்து மாவட்டம் மாவட்டமா பிரிச்சு அனுப்புனது. நான் பாத்தது 90ல வந்தவுகளையும் அதுக்குப் பொறவு வந்தவுகளையும், அவுக பிள்ளைகளையும், இப்ப பேரப்பிள்ளைகளையும்.

மூணாவது கேள்விய முதல்ல எடுத்துக்கிடுதேன், ஏன்னா அதுதான் மத்த ரெண்டையும் மறைச்சுக்கிட்டு நிக்கி.

இலங்கைல கடைசி போலியோ 1993. இந்தியாவுல 2011 ஜனவரி. யானைக்கால் நோயை ஒழிச்சிட்டாவன்னு உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு சர்டிபிகேட் குடுத்தது 2016, மலேரியா இல்லாத நாடுன்னு சொன்னதும் அதே 2016 செப்டம்பர்ல. இப்ப சொல்லுங்க, யார் யாரைப் பாத்து பயப்படணும்? இங்க இருந்து ஊர் திரும்புத முகாம் சனங்களுக்கு இலங்கைக்காரவுக மலேரியா ரத்தப் பரிசோதனை பண்ணுதாவ, இந்தியாவுல இருந்து வாராவ, காய்ச்சல் ஏதும் கொண்டு வந்திரக்கூடாதுன்னு. எனக்கு இதை முதல்ல கேட்டப்ப சிரிப்புதான் வந்துச்சு, நாம அவுகளைப் பாத்து மூக்கைப் பொத்துதோம், அவுக ஊரு நம்மளைப் பாத்து மூக்கைப் பொத்துது.

இன்னொண்ணும் சொல்லுதேன். 90ல வந்த தாய்மார்ட்ட தடுப்பூசி போடச் சொல்லி நான் கெஞ்சுனதே கிடையாது. நம்ம ஊர்ல அப்பல்லாம் ஊசின்னா பிள்ளைய தூக்கிக்கிட்டு வயக்காட்டுக்கு ஓடுவாளுவ, நான் வரப்பு வரப்பா விரட்டிக்கிட்டு போயிருக்கேன். முகாம்ல நான் போறதுக்கு முந்தியே பிள்ளைய குளிப்பாட்டி பவுடர் போட்டு வரிசைல நிப்பாவ, ஏன்னா அங்க வீட்டுக்கு வீடு மருத்துவிச்சி மிஸ் வந்து கார்டு எழுதி பாக்குத பழக்கம் எப்பவோ ஊறிப் போச்சு. படகுல வரும்போது நகைய விட்டுட்டு வந்தவுககூட பிள்ளையோட கார்டை பாலித்தீன் பையில சுத்தி இடுப்புல வச்சு கொண்டாந்திருக்காவ. கடல் தண்ணில ஊறி மை கலைஞ்சு போன ஒரு கார்டை நான் விளக்கு வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு தேதி படிச்சிருக்கேன்.

2022 மார்ச்ல அங்க பொருளாதாரம் படுத்து, மருந்து இல்ல கேஸ் இல்லன்னு தனுஷ்கோடிப் பக்கம் திரும்பவும் ஆள் வர ஆரம்பிச்சாவள்லா, அப்ப மண்டபம் பக்கம் வேலை பாக்குத எங்க ஜூனியர் பிள்ளை எனக்கு போன் போட்டா. "அக்கா, பிள்ளை கார்டுல ரெண்டு மாசம், நாலு மாசம், ஆறு மாசம்னு ஊசி போட்டிருக்கு, நம்ம கணக்குல ஆறு வாரம், பத்து வாரம், பதினாலு வாரம்லா, தப்பா போட்டிருக்காவ, முதல்ல இருந்து போடவா"ன்னு. தப்பு இல்ல, அவுக அட்டவணை அது, நம்ம அட்டவணை இது. போட்டது போட்டதுதான், விட்ட இடத்துல இருந்து தொடந்தா போதும். வேற நாட்டுக் கார்டு ஒண்ணும் செல்லாத நோட்டு இல்ல. இது உலகம் பூரா எந்த ஊர் அகதிப் பிள்ளைக்கும் பொருந்தும், வேலைல இருக்கற நர்ஸ் பிள்ளைக யாராவது படிச்சா இதை மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க.

அப்ப நோய் வரதே இல்லையான்னா, வருது. எங்க இருந்து வருதுங்கறதுதான் கேள்வி. ஐரோப்பாவுல உலக சுகாதார நிறுவனமே 2019ல ஒரு அறிக்கை போட்டுச்சு, அகதிகளால உள்ளூர்க்காரவுகளுக்கு தொத்து பரவுத ஆபத்து ரொம்பக் கம்மி, வரும்போது ஆரோக்கியமா வாரவுகதான் வந்த பொறவு இருக்குத இடத்தால நோயாளி ஆவுதாவன்னு. நான் 30 வருஷம் பாத்ததும் அதேதான்.

2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்குல்லா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செண்டிமீட்டர் கொட்டி, தாமிரவரணி ரெண்டு கரையும் தெரியாம ஓடுச்சே. எங்க தெருக்காரவுக மூணு நாள் பள்ளிக்கூடத்துல கிடந்தோம். மூணே மூணு நாள். ரெண்டாம் நாளே பிள்ளைகளுக்கு வயித்தால போச்சு, கக்கூஸுக்கு வரிசை, பொம்பளைக ராத்திரி இருட்டட்டும்னு அடக்கிக்கிட்டு இருந்தாளுவ, சுகர் மாத்திரைய வீட்ல விட்டுட்டு வந்த பெரிசு ஒண்ணு மயங்கி விழுந்துச்சு, யார் யாரோ சண்டை. மூணு நாள்ல திருநெல்வேலிக்காரவுகளுக்கே இந்த கதின்னா, அதையே மாசக்கணக்குல, வருஷக்கணக்குல இழுத்துப் பாருங்க, முகாம் நோய் என்னன்னு விளங்கிரும். இதுல ரத்தமும் இல்ல சாதியும் இல்ல, கக்கூஸ் எண்ணிக்கைதான் இருக்கு.

உலகத்துல எந்த முகாம் எடுத்தாலும் முதல் ரெண்டு மூணு மாசம்தான் சாவு அதிகம். 1994ல ருவாண்டால இருந்து பக்கத்து காங்கோவுல உள்ள கோமாங்கற ஊருக்கு ஓடுன சனத்துல முதல் ஒரு மாசத்துலயே சுமார் 50,000 பேர் செத்தாவ, அதிகமும் காலராவும் சீதபேதியும். குண்டுக்கு தப்பிச்சு தண்ணிக்கு பலியானது. அதுக்குப் பொறவுதான் ஆளுக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 15 லிட்டர் தண்ணி, 20 பேருக்கு ஒரு கக்கூஸ்னு ஒரு அளவு வச்சு நிவாரண வேலை பாக்குத வழக்கம் கெட்டியாச்சு. தட்டம்மை ஊசியும் சோத்தோட சேத்து முதல் வாரமே போடணும்பாவ, நெரிசல்ல தட்டம்மை வந்தா சத்து இல்லாத பிள்ளை தாங்காது.

இங்க ஒரு விஷயம் சொல்லாம போக மனசு வரல. நம்ம பிள்ளைக்கு வயித்தால போனா உப்பு சர்க்கரை கரைசல் குடுக்கோம்லா, ஓஆர்எஸ் பாக்கெட், அது உலகத்துக்கு நம்பிக்கையா நிரூபணம் ஆனதே ஒரு அகதி முகாம்லதான். 1971, வங்காளதேசப் போர், மேற்கு வங்காளத்துல பொன்காவ்ங்கற ஊர் முகாம்ல காலரா, ஏத்துத குளுக்கோஸ் பாட்டில் தீந்து போச்சு. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் அளந்து தண்ணில கரைச்சு டிரம்ல வச்சு, தாய்மாரையே குடுக்க சொன்னாரு. முப்பது சதவீதம் வரை இருந்த சாவு மூணரை கிட்ட இறங்கிருச்சு. இன்னைக்கு நம்ம அங்கன்வாடில சும்மா குடுக்குத பாக்கெட்டு அந்த அகதிச் சனம் உசிரு குடுத்து கத்துக் குடுத்தது.

சரி, நம்ம முகாமுக்கு வருவோம். இங்க காலரா கட்டம் எல்லாம் எப்பவோ தாண்டியாச்சு. இது வேற மாதிரி, ஆற அமர வரது. தற்காலிகம்னு கட்டுன பத்துக்குப் பத்து ரூம்ல ஒரு குடும்பம், அதுக்குள்ளயே அடுப்பு, அதுக்குள்ளயே படுக்கை, அதுக்குள்ளயே புதுசா கல்யாணம் ஆனதும், அதுக்குள்ளயே சாகக் கிடக்குத கிழவியும். தார் ஷீட் கூரை, சித்திரை மாசம் உள்ள போனா வாணலிக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கும். விறகு அடுப்புப் புகை போக வழி இல்ல. இருமல், இழுப்பு, அவுக முட்டு வருத்தம்பாவ, அது வராம என்ன செய்யும். ஒருத்தருக்கு டிபி வந்தா பக்கத்துல படுத்தவுகளுக்கு வர வாய்ப்பு கூடத்தான் செய்யும், அது அகதிக்குன்னு இல்ல, ஜெயில்லயும் அப்படித்தான், பனியன் கம்பெனி ஹாஸ்டல்லயும் அப்படித்தான். 2021 ஆகஸ்ட்ல பேரை மறுவாழ்வு முகாம்னு மாத்தி, 7,469 வீடு புதுசா கட்டித் தாரோம்னு அறிவிச்சாவ. நல்ல விஷயம். முடிஞ்ச இடத்துல காத்தோட்டமும் தனிக் கக்கூஸும் வந்திருக்கு, நான் போய் பாத்தேன், ஒரு அக்கா வீட்டைக் காட்டுததுக்கு முந்தி கக்கூஸைத்தான் காட்டுனா.

அந்த அக்கா ஏன் அப்படி செஞ்சான்னு எனக்குத் தெரியும். நான் போன புதுசுல அங்க பொதுக் கக்கூஸ்ல கதவு இருந்தது நாலுதான். பொம்பளைக பொழுது விடிய முந்தியும் இருட்டுன பொறவும்தான் போவாவ. இடைல வராம இருக்கணும்னா தண்ணி குடிக்கக் கூடாது. எட்டுல பத்துல படிக்குத பொம்பளப்பிள்ளைகளுக்கெல்லாம் நீர்க்கடுப்பு, கல்லடைப்பு, ஜுரம். நான் மாத்திரை குடுப்பேன், பத்து நாள்ல திரும்பவும் வரும். ஒரு நாள் ஒரு சின்னப் பிள்ளை கேட்டா, "மிஸ், மருந்து குடிக்கவும் தண்ணி வேணும்தானே"ன்னு. அன்னைல இருந்து நான் கக்கூஸ் கதவுக்கு மனு எழுத ஆரம்பிச்சேன், எத்தனை மனு, எத்தனை மேசைன்னு இப்ப சொல்லி என்ன, கடைசில உள்ளூர்ல ஒரு மரக்கடை அண்ணாச்சி பழைய பலகைய சும்மா தந்தாரு, முகாம் ஆசாரி ஒருத்தரு அடிச்சாரு. அந்த வருஷம் நீர்க்கடுப்பு பாதி குறைஞ்சது என் ரிஜிஸ்டர்ல இருக்கு.

இப்ப பாஷை. இதைப் பத்தி யாரும் பேச மாட்டாவ, ரெண்டு பேருமே தமிழ்தான என்னன்னு நினைப்பாவ. சில வார்த்தைல நமக்கும் அவுகளுக்கும் நல்ல ஒத்துப் போகும், ஜலதோஷத்துக்கு அவுக சொல்லுத தடிமன் மெட்ராஸ்காரனுக்கு புரியாது, நமக்குப் புரியும், லுங்கிய நாமளும் சாரம்போம் அவுகளும் சாரம்பாவ. ஆனா முக்கியமான ரெண்டு வார்த்தை தலைகீழ். வருத்தம்னா நமக்கு மனசு சம்பந்தம். அவுகளுக்கு உடம்பு சம்பந்தம், வருத்தம்னா நோய். கிழமைன்னா நமக்கு திங்கள் செவ்வாய், அவுகளுக்கு வாரம்.

ஒரு அம்மா, நாப்பது வயசு இருக்கும், ஆஸ்பத்திரில புதுசா வந்த டூட்டி டாக்டர் பையன்ட்ட, "மூண்டு கிழமையா வருத்தம் டொக்டர், ஏலாமல் கிடக்கு"ன்னு சொல்லிருக்கா. மூணு வாரமா நோயா கிடக்கேன்னு அர்த்தம். அந்தப் பையன் என்ன புரிஞ்சுக்கிட்டான், வாரத்துல மூணு நாள் மனசு சரியில்ல போலன்னு. சத்து மாத்திரை எழுதிக் குடுத்து, "கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிரும்"னு அன்பா சொல்லி அனுப்பிட்டான். கெட்ட பையன் இல்ல. நான் வீட்டுக்குப் போறப்ப முந்தானைய வாயில வச்சு இருமிக்கிட்டு கிடந்தா, சாயங்காலம் ஆனா காய்ச்சல் காயுது, எடை இறங்கிருக்கு. சளி எடுத்து அனுப்புனேன், டிபி. ஆறு மாசம் மாத்திரை என் கையால குடுத்தேன், வீட்ல சின்னப் பிள்ளைகளுக்கு தடுப்பு மாத்திரையும் குடுத்தோம், ஒண்ணுக்கும் வரல. அவ இப்ப மூணு பேரப்பிள்ளைக்கு பாட்டி.

மறுபக்கம், மனசு சரியில்லன்னா அவுக சொல்லுத வார்த்தை யோசனை. "ஒரே யோசினை மிஸ், நித்திரை இல்லை"ம்பாவ. நம்ம ஆளு அதைக் கேட்டா, என்ன யோசிக்கிய, தூங்க வேண்டியதுதானன்னு விட்டுருவான். அந்த யோசனைக்குள்ள என்னென்னமோ இருக்கு தம்பி. போர் நடந்த இடத்துச் சனத்துல அஞ்சுல ஒருத்தருக்கு ஏதாவது ஒரு மனநோய் இருக்கும்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது, 22 சதவீதம். நம்ம ஊர்ல கோயில் கொடைன்னா சாமக்கொடைக்கு வேட்டு போடாம இருப்பாவளா. ஒரு கொடை அன்னைக்கு ராத்திரி முகாம்ல ஒரு பிரசவ வலி கேஸ்னு நான் அங்க இருக்கேன், முதல் வேட்டு வெடிச்சதும் பக்கத்து ரூம்ல அறுபது வயசு ஐயா ஒருத்தரு பேரனை இழுத்துக்கிட்டு கட்டிலுக்கு அடியில போயிட்டாரு. பேரன் இங்கயே பிறந்த பய, அவனுக்கு வேட்டுன்னா கொண்டாட்டம், அவன் கீழ கிடந்து சிரிக்கான், தாத்தா அவன் வாயைப் பொத்துதாரு. நான் ஊர் நாட்டாமை அண்ணாச்சிட்ட சொல்லி, அடுத்த வருஷத்துல இருந்து வேட்டு போடுத நேரத்தை முந்தியே முகாம்ல வந்து சொல்லிட்டு போவாவ. அவ்வளவுதான் செய்ய முடிஞ்சது, அதுவே அந்த ஐயாவுக்கு பெரிய மருந்து.

புருஷன் காணாமப் போன பொம்பளைக கதை அதவிட. செத்தாச்சுன்னா அழுது தீத்திரலாம். உசிரோட இருக்கானா இல்லையான்னு 2009ல போர் முடிஞ்ச பொறவும் தெரியாம, பொட்டு வைக்கலாமா வேண்டாமான்னு தினமும் காலைல கண்ணாடி முன்னாடி நிக்குதவளுக்கு என்ன மாத்திரை குடுப்பிய? தலைவலி, நெஞ்சு நோ, கை கால் உளைவுன்னு வருவா, ஸ்கேன் ஈசிஜி எல்லாம் நார்மல்னு வரும், நடிக்கான்னு எழுதாத குறையா அனுப்புவாவ. நடிப்பு இல்ல. மனநல மருத்துவர் பாக்கணும், மாத்திரை குடுத்தா வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும், அதுவரைக்கும் கூட இருந்து பேச ஆள் வேணும். யாழ்ப்பாணத்து மனநல டாக்டர் தயா சோமசுந்தரம் சொல்லுத ஒரு கருத்து உண்டு, இந்தக் காயம் தனி ஆளுக்கு மட்டும் இல்ல, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேத்து விழுந்த காயம்னு. அதனாலதான் முகாம்ல பொம்பளைக சேந்து உக்காந்து மாவு இடிக்கும்போது பேசுத பேச்சு ஆஸ்பத்திரி ரூம்ல பேசுததவிட நல்லா கேக்கும். உங்களுக்கு தெரிஞ்ச யாருக்காவது தேவைப்பட்டா 104ல கூப்பிடலாம், 14416 டெலி மனஸ்லயும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது.

சாப்பாட்டைப் பத்தி ரெண்டு வரி. அங்க சிவப்பரிசியும் மீனும் சம்பலும் தின்ன உடம்பு, இங்க ரேஷன் வெள்ளை அரிசி, கடலு ரொம்ப தூரம், மீன் வெலை கேக்கவே வேண்டாம். நாப்பது வயசுக்குள்ள சுகர் வந்திருது. பொம்பளைகளுக்கு ரத்தசோகை, அதுக்கு இரும்புச் சத்து மாத்திரை குடுத்தா ஏறவே மாட்டேங்குதுன்னு மண்டைய உடைச்சேன், பொறவு பாத்தா சோறு தின்ன கையோட பிளேன் டீ. தேயிலைச் சாயம் இரும்பை உடம்புல சேர விடாது. டீய நிறுத்துன்னா யாரும் கேக்க மாட்டாவ, ஒரு மணி நேரம் தள்ளிக் குடின்னேன், கேட்டாவ. பனங்கட்டிய கடிச்சுக்கிட்டு குடிக்குத பழக்கம் வேற, நம்ம கருப்பட்டிதான், அதுவும் சீனிதான்னு சுகர்காரவுகளுக்கு சொல்லி புரிய வைக்க எனக்கு ஒரு மாமாங்கம் ஆச்சு. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம்னு சந்திரஹாசன் ஐயா 1984ல ஆரம்பிச்சது, அவுக ஆளுக முகாம்ல இருந்தே பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து பயிற்சி குடுத்து சத்துணவு, சுருள்பாசி எல்லாம் குடுத்தாவ. முகாம் ஆளே முகாம் ஆளுக்கு சொன்னாத்தான் எடுபடுது, நான் பத்து தடவை சொன்னதை அந்தப் பிள்ளை ஒரு தடவை சொன்னா கேப்பாவ.

இப்ப உங்க முதல் கேள்வி, கவர்மெண்ட் ஆஸ்பத்திரில பாப்பாவளா. பாப்பாவ. ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா ஆஸ்பத்திரி, திருநெல்வேலி ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி எல்லா இடத்துலயும் நம்மள மாதிரியே சும்மா. 108 வரும். கர்ப்பிணின்னா பிக்மி நம்பர் போட்டு நம்ம பிள்ளைகள மாதிரியே பதிவு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல முகாம்ல இருக்கறவுகளுக்கு வருமான வரம்பு பாக்காம கார்டு உண்டு, குடும்பத்துக்கு வருஷம் அஞ்சு லட்சம் வரை. நிறைய பேருக்கு இது தெரியாது, கார்டு எடுக்காமலே ஆபரேஷனுக்கு கடன் வாங்குவாவ. உங்க அண்ணாச்சிட்ட கார்டு இருக்கான்னு கேளுங்க, இல்லைன்னா முகாம் அடையாள அட்டையோட கலெக்டர் ஆபீஸ்ல உள்ள காப்பீட்டு கவுண்டருக்கு போகச் சொல்லுங்க.

இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்துல கையெழுத்தே போடல, அகதிக்குன்னு தனிச் சட்டமும் கிடையாது, அப்படி இருந்தும் தமிழ்நாட்டுல ஆஸ்பத்திரி கதவை அடைக்கல. இதை நான் பெருமையாவே சொல்லுவேன். ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்ட ஜெர்மனில 1993 சட்டப்படி தஞ்சம் கேட்டு வாரவுகளுக்கு ஆரம்ப காலத்துல திடீர் நோவுக்கும் வலிக்கும் மட்டும்தான் வைத்தியம். 2015ல வந்த ஒரு ஆய்வுல கணக்கு போட்டுப் பாத்தா, அப்படி கட்டுப்பாடு வச்சவுகளுக்கு ஆன தலைக்கு செலவு முழு வைத்தியம் கிடைச்சவுகளவிட சுமார் 40 சதவீதம் கூடுதல். சுகர் மாத்திரைய மிச்சம் பிடிச்சா கால் எடுக்குத செலவு வரும், வேற என்ன. ஜோர்டான்ல சிரியா சனத்துக்கு சும்மா பாத்துக்கிட்டிருந்ததை 2014 நவம்பர்ல நிறுத்துனாவ, பிரஷர் சுகர்காரவுக நிறைய பேர் மருந்து கிடைக்காம தவிச்சாவ. உகாண்டா இதுல வேற மாதிரி, அகதிக்கும் ஊர்க்காரனுக்கும் ஒரே ஆஸ்பத்திரி, அகதி பேரைச் சொல்லி வர உதவில கட்டுன கட்டடத்துல ஊர்க்காரனும் வரிசைல நிப்பான். 2024 கடைசில உலகத்துல வீடு விட்டு ஓடுன சனம் 12 கோடியே 32 லட்சம், அதுல பெரும்பங்கு நம்மள மாதிரி நடுத்தர, ஏழை நாட்டுலதான் இருக்கு.

ஆஸ்பத்திரி கதவு திறந்திருக்குன்னா போயிர முடியுமான்னா, அங்கதான் சிக்கல். பெரியாஸ்பத்திரிக்கு போக ஒரு நாள் கூலி போகும். பஸ்ஸு காசு. இதுல செக்கிங் வேற. மாசம் உதவித்தொகை குடுக்குதப்ப எல்லாரும் முகாம்ல நேர்ல நின்னு பேர் குடுக்கணும், 2021ல கூட்டி குடும்பத் தலைவருக்கு 1,500, மத்த பெரியவுகளுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500ன்னு ஆக்குனாவ. அன்னைக்கு இல்லைன்னா அந்தப் பணம் சிக்கல். ஹைகிரவுண்ட்ல அட்மிஷன் போட்டா செக்கிங்குக்கு என்ன செய்யன்னு கேட்டு, சுகம் ஆகும் முந்தியே கையெழுத்து போட்டுட்டு ஓடி வந்தவுகளை நான் பாத்திருக்கேன். அட்மிஷன் சீட்டைக் கொண்டு வந்து காட்டுனா ஒத்துக்கிடுத நல்ல அதிகாரியும் இருந்தாரு, சீட்டு எல்லாம் செல்லாதுன்னு விரட்டுனவரும் இருந்தாரு, ஆள் மாறுனா சட்டம் மாறும்.

கடைசியா உங்க பெயிண்டர் அண்ணாச்சி. முகாம் ஆம்பளைகள்ல பெயிண்ட் வேலைக்கு போறவுக ஏராளம், வேற வேலைக்கு சர்டிபிகேட் கேப்பாவ, இதுக்கு கேக்க மாட்டாவ. தலை சுத்தலுக்கு மூணு காரணம் இருக்கலாம். காலைல சாப்பிடாம வந்து வெயில்ல சாரத்துல ஏறுனது, ஜன்னல் சாத்துன ரூம்ல எனாமல் பெயிண்ட் தின்னர் வாடைய நாள் பூரா இழுத்தது, இல்ல பிரஷர் இருக்கறது அவருக்கே தெரியாம இருக்கறது. நாப்பது தாண்டுன ஆளு, பிரஷர் பாக்காம திரும்ப சாரத்துல ஏத்தாதீங்க, விழுந்தா இடுப்பு போயிரும். பக்கத்து சப் சென்டர்லயே பாப்பாவ, மாத்திரை தேவைன்னா மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து குடுப்பாவ.

ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு ஒட்டுமான்னு கேட்டியள்லா, உங்க வீடு அப்பா காலத்துல கட்டுனதுன்னு சொல்லிருக்கிய, அப்ப உண்மையாவே பயப்பட வேண்டியது உங்க செவத்துக்குத்தான். பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்க்கு, அதாவது பத்து லட்சம் பங்குல 90 பங்குக்கு, மேல இருக்கக் கூடாதுன்னு இங்க சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். அதுக்கு முந்தி கதவு ஜன்னல் கிரில்லுல அடிச்ச பழைய எனாமல்ல ஈயம் இருந்திருக்க வாய்ப்பு ரொம்ப. அதை காய்ஞ்ச உப்புத்தாளால தேய்க்கும்போது பறக்குத தூசி தரைல படியும், தவழுத பிள்ளை கையை வாயில வைக்கும், மூளை வளர்ச்சிக்கு அது விஷம். அந்தத் தூசியத்தான் அண்ணாச்சி வருஷம் பூரா, வீடு வீடா மூக்குல இழுக்காரு. உங்க வீட்ல இருந்து அவருக்குத்தான் ஒட்டுதே ஒழிய அவர்ட்ட இருந்து உங்களுக்கு இல்ல. தண்ணி தெளிச்சு ஈரமா தேய்க்கச் சொல்லுங்க, நல்ல மாஸ்க் வாங்கிக் குடுங்க, துண்டை மூக்குல கட்டுனா போதாது, தேய்ப்பு முடிஞ்சு ஈரத்துணியால ரெண்டு தடவை துடைச்ச பொறவு பிள்ளைய உள்ள விடுங்க, அதுவரைக்கும் பிள்ளை ஆச்சி வீட்ல இருக்கட்டும். ஜன்னலைத் திறந்து வைங்க. மத்தியானம் அவரு கை கழுவ சோப்பு வைங்க, பெயிண்ட் கையோட சோறு அள்ளித் தின்னா ஈயம் நேரா வயித்துக்குத்தான் போகும்.

வேலைக்கு திரும்ப கூப்பிடும்போது இந்த மாசம் செக்கிங் என்னைக்குன்னு கேட்டுக்கிட்டு கூப்பிடுங்க. அன்னைக்கு வரச் சொல்லாதீங்க, அப்படி அவரு வராத நாளுக்கு அரை நாள் கூலி சேத்துக் குடுத்தியள்னா நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.